கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில்

வானொலியில் வரும் என் குரலை ஆண்குரலாக மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாற்றியும் விட்டார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தொண்டை கட்டிய ஒரு தடியன், நான் எழுதிய புத்தகத்தைப் பற்றி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேலிருந்து பேசிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டபடி என் மாமனார் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே எங்கள் பிரார்த்தனைக் கூடத்தின் செயலாளர் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றேன். கரண்டிக்கு அப்போது ஒரு வேலையும் இல்லை. கையில் எதையாவது வைத்திருந்தால் வேலையாக நிற்பதுபோல இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாரப் பிரார்த்தனை முடிந்ததும், அன்றைக்கு வராதவர்களின் பெயர்களை ஒருவர் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பார். அவருக்கு வாசிப்பவர் என்றே பெயர். அந்தப் பொறுப்பில் இருப்பவருக்குக் குடியிருக்க ஒரு வீடும் கூடம் கொடுக்கும். இப்போதைய வாசிப்பவர் என் மாமனார். நாங்கள் இருப்பது அந்த வீடு.

போன வருடம் செருப்புக் கடைக்காரர் ஒருவரின் பெயர் அடுத்தடுத்து வாசிக்கப்பட்டது. ஒருநாள் அவர் வந்தார். பெயர்கள் வாசித்து முடித்ததும் எழுந்து நின்று, "வராதவன் பேரை இப்படிக் கத்திச் சொல்றதுல கடவுளுக்கு என்னங்க கிடைக்குது?" என்று கேட்டார். ஒரே ஒரு கேள்விதான். அதற்குப் பிறகு அவர் கடைக்கு ஒரு காக்கா குருவிகூடப் போகவில்லை. அவர் மகளோடு பள்ளிக்கூடத்தில் யாரும் உட்காரவில்லை. கடைக் கதவில் தார் பூசினார்கள். கடைசியில் அந்தக் குடும்பம் வண்டி வைத்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. 'இனி அவர்களோடு யாரும் ஒட்டு உறவு வைத்துக்கொள்ளக் கூடாது' என்று கூட்டத்தில் அறிவித்தது என் மாமாவின் குரல். மனசு வந்து சொன்னாரா, செயலாளர் கொடுத்ததைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. எனக்குப் பயம்.

பயந்தவள் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பெயர் வாசிப்பைப் பற்றியே நான் புத்தகம் எழுதினேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. பின்கட்டு அறையில் லென்சுகளைச் சட்டத்துக்கு ஏற்ற அளவில் தேய்த்துக் கொடுப்பேன். மெஷின் ஓடும்போது பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'கடைசி வரிசை' என்று புனைபெயர் வைத்துக்கொண்டேன். கூடத்தில் நான் உட்காரும் இடம் அது. விஷயம் தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்தே பழகியவர், என் புத்தகத்தைப் படித்துவிட்டு, "எனக்கே மயக்கம் வருது" என்றார்.

புத்தகம் வெளிவந்ததும் கூடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, எழுதியவர் தங்களில் ஒருவர்தான் என்று. யார் என்று மட்டும் பிடிபடவில்லை. செயலாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் 'எழுதியவரோடு கொஞ்ச நேரம்' நிகழ்ச்சியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நம்பிக்கை, பண்பாடு, ஊர் உலகம் பற்றியெல்லாம் எழுத்தாளர்களோடு பேசும் நிகழ்ச்சி. ஞாயிறு காலையில் வரும். மாமா ஒரு வாரம்கூட விடமாட்டார். எதிராளி என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறாராம். வானொலிப் பெட்டியோடு வாதம் செய்வார். சில நாள் பெட்டி ஜெயிக்கும், அன்றைக்கெல்லாம் மத்தியானம்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

போயிருக்கக் கூடாது. ஆனால் ஒரு பெரிய மனிதர் என் புத்தகத்தை வரி வரியாகப் படித்துவிட்டு, வா பேசலாம் என்கிறார். எனக்கும் ஆசை இருக்காதா?

பேட்டி எடுப்பவர் மெதுவாகப் பேசுகிறவர். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். நாம் பதில் சொன்ன பிறகும் சும்மா இருப்பார். அந்த அமைதி தாங்காமல் நாமே இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுவோம். அதுதான் அவருடைய சாமர்த்தியம். எல்லோரிடமும் கடைசியாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இந்தப் புத்தகத்தை யார் படிச்சுடக் கூடாதுன்னு பயப்படறீங்க?"

"எல்லாரும் படிக்கணும்னுதான் ஆசை" என்று முதலில் மழுப்பினேன். அவர் சும்மா இருந்தார். நான் உளறிவிட்டேன். சொல்லி முடித்த கணமே, "ஐயோ, இதைப் போட்டுடாதீங்க" என்று கெஞ்சினேன். அவர் சத்தியம் செய்யாத குறை. "பயப்படாதீங்க. ஒருத்தர் வேண்டாததை வெட்டுவாரு, இன்னொருத்தர் குரலை மாத்துவாரு. ரெண்டு வேலையும் முடியாம ஒரு வார்த்தை வெளிய போகாது" என்றார். அதை நம்பி வீட்டுக்கு வந்தேன்.

இப்போது அந்த ஞாயிறு. கணவருக்குக் காலை ஷிப்டு. தப்பித்தார் மகராசன். நானும் மாமாவும் மட்டும் என்றால்கூட எப்படியோ சமாளித்திருப்பேன். நிகழ்ச்சி ஆரம்பிக்கும் நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். செயலாளர்.

"அண்ணே, ஒண்ணா உக்காந்து கேப்போம்னு வந்தேன். ரெண்டு பேர் காது இருந்தா எவன்னு பிடிச்சுடலாம் இல்ல?" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "ஏம்மா, எனக்குச் சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்றார்.

மாமா பெட்டிக்குப் புது பேட்டரி போட்டு மேஜை நடுவில் வைத்தார். பக்கத்தில் பழக்கூடை. மாமா ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் இது நடக்கும். பழம் உரிப்பதென்றால் அவருக்கு அவசரமே கிடையாது. காம்புப் பக்கம் நகத்தால் கீறி, பழத்தைத் திருப்பித் திருப்பித் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக எடுப்பார். பிறகு சுளைமேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை ஒவ்வொன்றாகப் பிய்ப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அந்த நார் பிடிக்காது என்று ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் நார் இல்லாத சுளைகள் என் தட்டுக்கு வந்துவிடும். அதைப்பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

பெட்டி பேச ஆரம்பித்தது.

"என்னடா இது, சளி பிடிச்சவன் மாதிரி பேசறான்?" என்றார் மாமா.

"குரலை மாத்தியிருக்கானுங்க அண்ணே. பயந்தாங்கொள்ளி" என்றார் செயலாளர்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. குரல் தப்பித்தது. இனி கடைசிக் கேள்விக்கு என் மழுப்பல் பதிலைப் போட்டு முடித்துவிடுவார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான், பல்லைக் கடித்துக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெட்டியில் பேட்டி எடுப்பவர் கேட்டார்: "நம்பிக்கை இல்லாதவங்கதான் இப்படி எழுதுவாங்கன்னு சொல்றாங்களே?"

"நம்பிக்கை இல்லைன்னா எனக்கென்ன வந்தது?" என்றது அந்தத் தடியன் குரல். "நான் பாட்டுக்கு வீட்ல படுத்துத் தூங்கியிருப்பேன். நான் இன்னும் கூடத்துக்குப் போறேன். கண்ணை மூடினா கடவுள்கிட்ட பேசத்தான் தோணுது. ஆனா பேச முடியல. யார் வந்திருக்காங்க, யார் வரல, இன்னிக்கு யார் பேரு வரும்னு மனசு எண்ணிக்கிட்டே இருக்கு. என்கூடக் கண்ணை மூடியிருக்கிற எல்லாரும் அதையே எண்ணிக்கிட்டு இருந்தா, அதுக்குப் பேரு பிரார்த்தனையா?"

செயலாளர் உச்சுக் கொட்டினார். மாமா பழத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். தோல் சுருள் தட்டுவரை இறங்கியிருந்தது.

"அந்த வழக்கம் ஒரு அக்கறையில தொடங்கியிருக்கலாம் இல்லையா?"

"அக்கறையிலதான் தொடங்கிச்சு. வராதவன் உடம்பு முடியாம கிடக்கானோன்னுதான் முன்னாடி பேரை வாசிச்சாங்க. வாசிச்சு முடிச்சதும் நாலு பேர் சாப்பாடு எடுத்துட்டு அந்த வீட்டுக்குப் போவாங்க. இப்ப பேரு வாசிக்கிறது மட்டும்தான் மிஞ்சியிருக்கு. சாப்பாடு எடுத்துட்டுப் போறவங்க யாருமில்ல."

"இது சரியாத்தான் சொல்றான்" என்றார் மாமா. "எங்கப்பா காலத்துல அப்படித்தான். நானே தூக்குப் பாத்திரத்தோட போயிருக்கேன்."

அந்தத் தூக்குப் பாத்திரக் கதையை எனக்குச் சொன்னதே மாமாதான். எழுதும்போது அது யார் சொன்னது என்று நான் யோசிக்கவே இல்லை. கேட்டதெல்லாம் என் சரக்கு என்று எழுதிவிட்டேன்.

"என்ன அண்ணே, நீங்களே அவன் பக்கம் பேசறீங்க?" என்றார் செயலாளர். "இதெல்லாம் பழைய ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். அப்ப எழுதினவன் வயசானவன். இல்லேன்னா வயசானவங்க இருக்கிற வீட்டுக்காரன். பாத்தீங்களா, வட்டம் சுருங்குது."

அவர் என் பக்கம் திரும்பி, குடித்து முடித்த டீ கோப்பையை நீட்டினார். வாங்கப் போனேன். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. ஜன்னலை மட்டும் பார்க்கக் கூடாது. மாமா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். 'டிக்கெட் எடுக்காதவன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டாம்மா, ஜன்னல் வழியா வெளிய பாப்பான். நேரா அவன்கிட்டதான் போவேன்' என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதனால் கழுத்து வலிக்க வலிக்க கோப்பையையே பார்த்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினேன்.

அப்போதுதான் பெட்டியில் அது வந்தது.

"ஒரு நிமிஷம். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றது அந்தத் தடியன் குரல். தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு பேட்டி எடுப்பவர், "இந்த நாற்காலி கிறீச்சுங்குது, மாத்திடலாம். இதெல்லாம் எடுத்துடுவாங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "எடுக்க மறந்துட்டானுங்க!"

வெட்டாத பதிவு போய்க்கொண்டிருக்கிறது. என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. ஒருத்தர் வெட்டுவார், ஒருத்தர் குரல் மாற்றுவார் என்றார்களே. வெட்டியவரும் அசல் பதிவை எடுத்துக்கொண்டு வெட்டியிருக்கிறார். மாற்றியவரும் அதே அசலை எடுத்துக்கொண்டு மாற்றியிருக்கிறார். வெட்டியதில் என் சொந்தக் குரல் இருந்திருக்கும், அதைப் போட முடியாது. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று, பாவிகள், பொறுப்பாகக் குரல் மாற்றியதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் எல்லாமே இருக்கிறது. நான் தண்ணீர் குடித்தது இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு நான் உளறியது இருக்கிறது. அதற்குப் பிறகு நான் கெஞ்சியதும் இருக்கிறது. கெஞ்சும்போது, 'நாங்க குடியிருக்கிற வீடே கூடத்தோட வீடு' என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன். கூடத்து வீட்டில் குடியிருப்பது எங்களைத் தவிர வேறு யாருமில்லை.

அடுப்படியில் மறைந்து நின்று பேட்டி எடுப்பவரைக் கைபேசியில் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தார். வானொலி நிலையத்தில் இருக்கும்போது அணைத்து வைப்பாராக்கும். எதற்கும் ஒரு செய்தி அனுப்பினேன். என் விரல் போன போக்கில் அதில் பாதி எழுத்துதான் சரியாக இருந்தது.

மிக்சியில் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டேன். வெறும் தண்ணீர். வீடே அதிர்ந்தது.

"அம்மாடி, அதக் கொஞ்சம் நிறுத்தும்மா! ஒண்ணுமே கேக்கல!" என்று மாமா கத்தினார். நிறுத்தினேன்.

மின்சாரப் பெட்டிக்குப் போய் மெயினை இறக்கினேன். மின்விசிறி நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் நின்றது. பேட்டரியில் ஓடும் பெட்டி முன்னைவிடத் தெளிவாகப் பேசியது. அந்த அமைதியில் தெருவில் போகிறவனுக்குக்கூடக் கேட்டிருக்கும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"கரண்டு போனதுகூட நல்லதுதான்" என்றார் செயலாளர்.

நேரே போய்ப் பெட்டியை எடுத்துத் தரையில் போட்டு உடைத்துவிடலாமா என்று நினைத்தேன். உடைத்தால், ஏன் உடைத்தாய் என்று கேட்பார்கள். நிஜமாகவே இரண்டு அடி எடுத்து வைத்தேன். மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என்ன என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். "டீ... இன்னும் வேணுமான்னு" என்று மென்று முழுங்கினேன். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"கடைசியா, நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி" என்றார் பேட்டி எடுப்பவர். "இந்தப் புத்தகத்தை யார் படிச்சுடக் கூடாதுன்னு பயப்படறீங்க?"

"எல்லாரும் படிக்கணும்னுதான் ஆசை" என்றது பெட்டி.

அமைதி. அவருடைய பாழாய்ப்போன அமைதி. செயலாளர் பெட்டி பக்கம் குனிந்தார்.

"எங்க வீட்ல ஒரு பெரியவர் இருக்காரு" என்றது குரல். "அவரு படிச்சுடக் கூடாது. நல்ல மனுஷன். கூடத்தை உயிரா நெனைக்கிறவரு. தினமும் காலைல ஆரஞ்சுப் பழம் உரிப்பாரு. தோலு அறுபடாம ஒரே சுருளா வரும். வெள்ளை நாரையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்துட்டு, சுளையை என் தட்டுல வெப்பாரு. நார் பிடிக்காதுன்னு நான் எப்பவோ ஒரு தடவை சொன்னது..."

நான் மேஜையைப் பார்த்தேன். தட்டில் ஆரஞ்சுத் தோல், ஒரே சுருளாக. பக்கத்தில் நார் எடுத்த சுளைகள் நாலைந்து. மாமாவின் விரல்களில் ஒரு சுளை, பாதி நாரோடு. விரல்கள் நின்றுவிட்டன.

செயலாளர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். காதால் கேட்கும்போது மனிதர்கள் ஏன்தான் பெட்டியைப் பார்க்கிறார்களோ, அவர்களுக்கு நல்லது நடக்கட்டும். கண்ணை ஒரு சாண் கீழே இறக்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"படிச்சா என்னை வீட்டை விட்டு அனுப்பிடுவாருன்னு பயமில்ல" என்று பெட்டி சொன்னது. "கோபத்துல நாலு வார்த்தை கத்தினாலும் பரவால்ல. மறுநாள் காலைல என் தட்டுல அந்தச் சுளை இருக்காதே, அதுக்குத்தான் பயப்படறேன்."

மாமாவின் உள்ளங்கை மெதுவாக நகர்ந்து அந்தச் சுருள் தோலின்மேல் கவிழ்ந்தது. கை மூடியது. மூடிய கை மேஜைக்குக் கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. செயலாளரையும் பார்க்கவில்லை. தோல் கசங்கிய வாசனை அறை முழுக்க எழுந்தது.

"ஐயோ, இதைப் போட்டுடாதீங்க, எடுத்துடுங்க" என்று பெட்டி கெஞ்ச ஆரம்பித்தது. "வீட்ல தெரிஞ்சா..."

மாமா இன்னொரு கையை நீட்டிப் பெட்டியை அணைத்தார்.

"அண்ணே! என்ன அண்ணே, இருங்க! இப்பத்தான் துப்பு கிடைக்குது!"

"துப்பும் வேண்டாம், எச்சிலும் வேண்டாம். இவன் அழறதையெல்லாம் உக்காந்து கேக்கணுமா? தலை வலிக்குது." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கூடத்தில் பெயர் வாசிக்கும் அதே குரல். தட்டிலிருந்த சுளைகளை எடுத்துச் செயலாளர் முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க."

செயலாளர் இரண்டு சுளைகளை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே, "பழம் உரிக்கிற பெரியவரு. நல்ல அடையாளம் கொடுத்திருக்கான் மடையன். இன்னியிலிருந்து வீடு வீடாப் போறேன். ஒவ்வொரு வீட்லயும் பழத்தை வெச்சு, பெரியவங்கள உரிக்கச் சொல்லிப் பாத்தாப் போதும்" என்றார். சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. செருப்புக் கடைக் கதவில் தார் பூசியவனுக்கு வாளி எடுத்துக் கொடுத்தவர் இவர்தான் என்று ஊரில் பேச்சு. "நீங்க என்ன நெனைக்கிறீங்க அண்ணே? யாரா இருக்கும்?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஒன்றுமில்லை. எதிர் வீட்டுச் சுவரும் ஒரு சைக்கிளும்தான்.

"யாரோ" என்றார். "எனக்கெப்படித் தெரியும்?"

செயலாளர் போன பிறகு மாமா எழுந்தார். மூடிய கையோடு பின்பக்கம் போய்க் குப்பையில் எதையோ போட்டார். மேலே பழைய செய்தித்தாளைக் கசக்கிப் போட்டார். கையைக் கழுவினார், சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார். நான் மெயினைத் தூக்கிவிட்டேன். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அவர் என்னைத் தாண்டித் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

பேட்டி எடுப்பவர் கூப்பிட்டார். 'எடுத்துடுங்க' என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் நிலையத்தில் தவறு புரிந்து, அங்கேயே நிறுத்திப் பாட்டுப் போட்டுவிட்டார்களாம். கூடத்து வீட்டைப் பற்றி நான் சொன்னது யார் காதிலும் விழவில்லையாம். "மன்னிச்சுடுங்க, மன்னிச்சுடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திட்டுவதற்கு எனக்கு வாயெல்லாம் வார்த்தை இருந்தது. ஆனால் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு திட்ட முடியவில்லை. வைத்துவிட்டேன்.

கணவர் வந்ததும் அடுப்படிக்குள் இழுத்துச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"கத்தினாக்கூட நல்லாருக்கும். எனக்குப் பயமா இருக்குங்க."

சாயங்காலம் வாரப் பிரார்த்தனைக்கு மாமா சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மூவரும் கூடத்துக்கு நடந்தோம். வழியெல்லாம் அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். இன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து என் பெயரைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். காலையில் சொன்ன ஒரு பொய்யே அவருக்கு ஜீரணமாகியிருக்காது.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். கடவுளே, வீடு போனால் போகட்டும், அந்த மனுஷனை இவர்கள் ஒன்றும் செய்துவிடக் கூடாது என்று வேண்டினேன். வெகுநாள் கழித்து யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணாமல் வேண்டியது அன்றைக்குத்தான்.

மாமா எழுந்தார். வராதவர்களின் பெயர்களை வாசித்தார். வாசித்து முடித்து உட்காராமல் நின்றார். செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். என் கணவரின் கை என் கையைத் தேடி வந்தது. கூடமே காத்திருந்தது.

மாமா தொண்டையைச் செருமினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது தெருப் பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது. அந்த ஜன்னலை நாங்கள் மழைக்குத்தான் சாத்துவோம். மாமா மேஜையில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன. என் தட்டு வழக்கமான இடத்தில் இருந்தது. அதில் சுளை இல்லை. ஒரு முழுப் பழம் இருந்தது, தோலோடு.

நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது என்று நினைத்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "மாமா..." என்றேன்.

அவர் தலையைத் தூக்கினார். ராத்திரி தூங்காத கண். சாத்திய ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலை இறக்கிப் பேசினார். அவருக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது.

"இனிமே நீயே உரிச்சுக்கணும்மா. நான் உரிக்கிறதை யாராவது பாத்துடப் போறாங்க."

பழத்தைக் கையில் எடுத்தேன். காம்புப் பக்கம் நகத்தால் கீறினேன். தோல் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது. அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அவர் கை மடியிலிருந்து எழுந்து மேஜைவரை வந்தது. அப்போது தெருவில் யாரோ நடந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

நாரோடு ஒரு சுளையைச் சாப்பிட்டேன்.